ஒழுங்கையில் பிறந்தவர்கள்

"பிஸ்மில்லாஹ், தூக்குங்க" என்று யாரோ சொன்னதும் சந்தூக்குப் பெட்டி தரையை விட்டு எழும்பியது. நிஸ்றா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வெள்ளைத் துணி சுற்றிக் கிடப்பது அவளுடைய உம்மா றஸீனா. முன்னால் ஒரு பக்கம் வாப்பா தோள் கொடுத்திருந்தார். மறுபக்கம் நிற்க வேண்டியவர் ஹமீட் மாமா, உம்மாவின் ஒரே தம்பி. செய்தி கேட்ட கையோடு ஓட்டமாவடியிலிருந்து ஓடி வந்து, ராத்தாவின் முகத்தைப் பார்த்து விம்மி விம்மி அழுதவர், இப்போது மதிலோடு ஒட்டி நின்றார்.

"தம்பி, கூடப்பிறந்த ராத்தாக்கு ஒரு தோள் குடுக்கப்படாதா?" யன்னலுக்குள்ளால், வாப்பாவின் தம்பி மனைவி ஆயிஷா சாச்சி கேட்டே விட்டாள்.

மாமா சந்தூக்கு கேற்றைத் தாண்டும் வரை பார்த்திருந்துவிட்டு, யன்னலடிக்கு வந்து இடக்கைப் பக்கச் சட்டையை மேலே சுருட்டிக் காட்டினார். முழங்கைக்கு மேல் நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது.

நிஸ்றாவுக்குப் பழகிய புடைப்பு அது. கிட்னிக்காக ரத்தம் சுத்திகரிக்க ஊசி குத்திக் குத்தி உம்மாவின் கையிலும் அப்படித்தான் இருந்தது. காலையில் குளிப்பாட்டும்போது அதன் மேல் தண்ணீர் ஊற்றியவள் அவள்தான்.

"மாமா, நீங்களும் ரத்தம் மாத்துறீங்களா?"

"ஓம் புள்ள. பொலன்னறுவைக்குப் போய் வாறன். இந்தக் கையால பாரம் தூக்கப்படாதாம். ராத்தாக்குச் சொல்லல்ல. அவக்கு இரிக்கிற வருத்தத்தோட இதையும் ஏன் குடுக்கோணும்?" மாமா சட்டைக் கையைக் கீழே இறக்கினார். "நான் மட்டுமில்ல. அந்தா நிக்கிற ஹலீமும்தான். ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்."

ஹலீம், ஹமீட் மாமாவின் பால்ய நண்பர், இதே ஒழுங்கையில் அடுத்த வீட்டில் பிறந்தவர். கதுருவெலையில் பெண் எடுத்துப் போனவர். அவரும் சந்தூக்கில் கை வைக்காமல், தொப்பியைச் சரிசெய்தபடி நின்றார்.

நிஸ்றா ஒழுங்கையைப் பார்த்தாள். உம்மாவைச் சுமந்து போகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். வாப்பா காத்தான்குடிக்காரர். பின்னால் முன்வீட்டு மருமகன், ஏறாவூரிலிருந்து வந்தவர். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் அக்கரைப்பற்று. எல்லாரும் மாப்பிள்ளைகள். இந்த ஒழுங்கையில் பிறந்த ஆண் ஒருவர்கூட அங்கே தோள் கொடுக்கவில்லை.

அவள் ஒழுங்கையின் மறுமுனையைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒழுங்கையின் முடிவில், வாவியோரம், முன்பொரு காலம் பட்டறை ஒன்று இருந்தது. பழைய பற்றரிகளை உடைத்து ஈயம் உருக்குவார்கள். பட்டறை மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அதன் கரிமண்ணை மட்டும் ஒழுங்கையின் குழிகளுக்குக் கொட்டி நிரவிவிட்டுப் போனார்கள். இன்றும் பிள்ளைகள் அந்த மண்ணில்தான் விளையாடுகிறார்கள். உம்மாவுக்குக் கிட்னி பழுதான பிறகு, பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்துக்கொண்டிருந்த நிஸ்றா, பட்டறைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டா என்பதையே தன் ஆய்வாக எடுத்துக்கொண்டாள். பட்டறையை நடுவில் வைத்து ஊர் வரைபடத்தில் வளையம் வளையமாகக் கீறினாள். ஒவ்வொரு வளையத்திலும் சனத்தொகைக்கும் வயதுக்கும் ஏற்ப எத்தனை பேருக்கு இந்த நோய் வந்திருக்கலாம், உண்மையில் எத்தனை பேருக்கு வந்திருக்கிறது என்று ஒப்பிட்டாள். பெண்களின் கணக்கு அவள் நினைத்தது போலவே வந்தது. பட்டறைக்குக் கிட்ட நோய் குவிந்து கிடந்தது, தூரம் போகப் போகக் குறைந்தது. தற்செயலாக இப்படி அமைவது மிக அரிது. ஆனால் ஆண்களிடம் குவியலே இல்லை. கிட்டவும் தூரவும் ஒரே மாதிரி.

"பட்டறை நஞ்செண்டா ஆம்பிளையளையும் தாக்கியிருக்க வேணுமே" என்றார்கள் பிரதேச சபைக் கூட்டத்தில். "பொம்பிளையள் நோவுக்கு மாத்திரை கூடப் போடுறவங்க. அதுவாத்தான் இருக்கும்." மண்ணை அகற்றக் கேட்டுப் போட்ட மனு அதோடு திரும்பி வந்தது.

இப்போது பார்த்தால் விடை கண்ணுக்கு முன்னால் நடந்து போகிறது. இந்தப் பக்கத்தில் பெண் பிறந்த வீட்டோடு இருப்பாள், மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருவான். ஒழுங்கையின் பெண்கள் அந்த மண்ணில் பிறந்து அந்த மண்ணிலேயே நோயாளியானார்கள். அவர்களோடு விளையாடிய ஆண்கள் கலியாணம் முடித்து ஊர் ஊராகப் போய், அங்கங்கே தனித்தனி நோயாளிகள் ஆனார்கள். ஆஸ்பத்திரியில் பதிந்திருப்பது இன்றைய விலாசம். அவர்கள் விட்டுப்போன இடத்தில், வேறு தண்ணீர் குடித்து வளர்ந்த ஆண்கள் வந்து நிரம்பிவிட்டார்கள். அவள் கணக்கில் எண்ணியது அவர்களைத்தான்.

சந்தூக்கு தெருவுக்குத் திரும்பி மறைந்தது. உள்ளே பெண்கள் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். நிஸ்றா போய் அவர்களுக்கு நடுவில் இருந்தாள். உதடு தானாகச் சிரிப்பாக விரியப் பார்த்தது. தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. அவள் அழுகிறாள் என்று நினைத்து, பக்கத்தில் இருந்த பெண் முதுகைத் தடவிவிட்டாள். அப்போது உண்மையிலேயே அழுகையும் வந்தது. எது எங்கே முடிந்து எது தொடங்கியது என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஆண்கள் அடக்கம் முடித்து மையவாடியிலிருந்து திரும்பிக் கால் கழுவிக்கொண்டு பந்தலில் உட்கார்ந்ததும் அவள் எழும்பினாள்.

"எங்க புள்ள போறா?" சாச்சி கையைப் பிடித்தாள்.

"வாறன் சாச்சி. ஒரு விசயம் கேக்கோணும்."

"இப்பவா?"

"நாளைக்கு எல்லாரும் பெஞ்சாதிமார்ர ஊருக்குப் போயிருவாங்க சாச்சி."

பந்தலில் அவள் கேட்டது ஒரே கேள்விதான். இந்த ஒழுங்கையில் பிறந்து வெளியூரில் பெண் எடுத்தவர்கள் யார் யார்? ஹலீம்தான் தொடங்கினார்.

"என்ட கூடப்பிறந்த காக்கா மூதூர்ல கலியாணம் முடிச்சார். கிட்னியாலதான் மௌத்தானார்."

"புத்தளத்துக்குப் போன தையல்காரர்ர மகன்?" என்றார் ஹமீட் மாமா.

"அவனுக்கும் கால் ரெண்டும் வீங்கியிரிக்காம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஒருவர் ஒரு பெயரைச் சொல்ல, இன்னொருவர் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். பந்தல் சூடுபிடித்துவிட்டது. பட்டறை மதிலில் விக்கெட் கீறி விளையாடியது, ஈயக் கட்டியை மீன்வலைக்காரருக்கு விற்றது எல்லாம் வந்தது. இதே ஒழுங்கையில் பிறந்து, அடக்கம் முடிந்த பிறகே வந்து சேர்ந்து மூலையில் இருந்த பாஹிம் மட்டும் கையை உயர்த்தினார்.

"எனக்கொரு வருத்தமுமில்ல. கல்லுப்போல இரிக்கன். நான் எழும்பிப் போகட்டா?"

"நீங்களும் கட்டாயம் வேணும் காக்கா, போயிராதீங்க" என்றாள் நிஸ்றா. செத்த வீடென்பதை மறந்து இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

வீட்டின் பின்பக்கம் போய், தன் ஆய்வை வழிநடத்தும் தனுஷா மிஸ்ஸுக்கு அழைத்தாள். கணக்கை மட்டும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"ஐயோ நிஸ்றா! இவ்வளவு நாளும் நாங்க பிழையான ஆம்பிளையள எண்ணியிருக்கம்!"

"ஓம் மிஸ்!"

"ஆனா வருத்தக்காரர மட்டும் பொறுக்கப்படாது. அந்த ஒழுங்கையில பிறந்த எல்லாரும் வேணும். எங்க இருந்தாலும், சுகமா இருந்தாலும்."

"கல்லுப்போல இரிக்கிற ஒராளப் பிடிச்சி வச்சிரிக்கன் மிஸ்."

மிஸ் வாய்விட்டுச் சிரித்தார். "அதென்ன பின்னால அவ்வளவு இரைச்சல்?"

"வீட்டில ஆக்கள் வந்திரிக்காங்க."

"சரி, வைக்கிறன். முதல்ல போய் உம்மாட்டச் சொல்லுங்க, சந்தோசப்படுவா."

"ஓம் மிஸ்" என்றாள் நிஸ்றா.

கிணற்றடியில் ஆயிஷா சாச்சி தனியாக நின்று, உம்மாவைக் குளிப்பாட்டிய பலகையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். பள்ளிவாசலுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பலகை. நிஸ்றா ஃபோனைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போய் அதன் மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாகத் தூக்கி, வெயில் மிஞ்சியிருந்த பக்கமாக மதிலில் சாய்த்தார்கள். தண்ணீர் வடிந்து முடிய நேரம் எடுத்தது.