கூப்பிட்ட குரலுக்கு

துணை ஜனாதிபதி வேட்பாளராக யாரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று எங்களிடம் கருத்துக் கேட்க வருகிறார்கள் என்றதும் எங்கள் ஐந்தாம் மாடி வார்டுக்கே தலைகால் புரியவில்லை. எங்களை யார் எதற்குக் கேட்டிருக்கிறார்கள்? காப்பி மெஷினை எங்கே வைக்கலாம் என்றுகூட எவனும் கேட்டதில்லை. இப்போது ஜனாதிபதி வேட்பாளரின் ஆட்களே எங்கள் ஊர் டொலீடோவுக்கு, எங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு, டிவி கேமராவோடு வருகிறார்களாம்!

நான் வாண்டா, வார்டு கிளார்க். போன் எடுப்பேன். நோயாளி மணி அடித்தால் ஸ்பீக்கரில் என்ன வேண்டும் என்று கேட்டு நர்ஸிடம் சொல்வேன். நோயாளியைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. தூக்கத் தெரியாதவள் தூக்கப் போய் இரண்டு பேரும் விழுந்தால் யார் பதில் சொல்வது?

காலையிலிருந்தே வாக்குவாதம். பேச்சில் பெயர் அடிபட்டவர்கள் மூன்று பேர்: எங்கள் கவர்னர், ஒரு பெண் செனட்டர், ஓய்வு பெற்ற கடற்படைத் தளபதி ஒருவர்.

"தளபதி வேறயா? இங்க டாக்டருங்க பண்ற அதிகாரம் பத்தலையாக்கும்?" என்றான் நர்ஸ் உதவியாள் டேரல்.

"கவர்னர் நம்ம ஸ்டிரைக்குக்கு டோனட் பெட்டியோட வந்தாருப்பா," என்றேன்.

"வந்தாரு, போட்டோ எடுத்தாரு. பெட்டியத் திறக்குறதுக்குள்ள கார்ல ஏறிட்டாரு."

"பெட்டிய விட்டுட்டாவது போனாரே. நம்ம மேனேஜர் அதுகூடச் செய்யல."

எங்கள் சீனியர் நர்ஸ் கெயில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே சிரித்தாள். "நைட் டூட்டிக்கு ஜோடி சேரும்போது நாம என்னத்தப் பாக்குறோம்? மூஞ்சியவா? கூப்பிட்டா வருவாளான்னுதான பாக்குறோம்? துணை ஜனாதிபதியும் அவ்வளவுதான்."

"அடி சக்கை! இதையே கேமரா முன்னால சொல்லு," என்று நான்தான் அவளை உசுப்பிவிட்டேன். ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று சட்டம் போட யார் ஒத்துக்கொள்கிறாரோ அவரே எங்கள் ஆள் என்று அவள் பேச வேண்டும். எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்தோம்.

கடைசி அறையில் மிஸ்டர் டூடெக் இருந்தார். கார் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்தவர். இடுப்பு மூட்டு மாற்றியிருந்தார்கள். வலியைத் தாங்குவார், ஊசியைத் தாங்குவார், டயபர் என்றால் மட்டும் சண்டைக்கு வருவார். "என் பொண்டாட்டிகூட என்னை அந்தக் கோலத்துல பாத்ததில்ல," என்பார். நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போக அவருக்குத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும். அதனால் கெயில் அவரோடு ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தாள்.

"நீங்க தனியா எந்திரிக்கவே கூடாது. மணிய அடிங்க, நான் ஓடி வந்துடுறேன். சத்தியம்."

"அப்ப நானும் சத்தியம்," என்றார் அவர். கை குலுக்கிக்கொண்டார்கள்.

மதியம் கேன்டீனிலிருந்து போன் வந்தது. யூனிஃபார்மோடு எத்தனை பேர் முடியுமோ அத்தனை பேரையும் அனுப்பச் சொன்னார்கள். டிவியில் கூட்டமாகத் தெரிய வேண்டுமாம். கெயில் தயங்கினாள். "போ, போ, நான் பாத்துக்குறேன்," என்று விரட்டாத குறையாக அனுப்பினேன். அவளும் டேரலும் மற்றவர்களும் லிஃப்டில் இறங்கினார்கள். வார்டில் மிஞ்சியது நானும் பிரியானா என்ற நர்ஸும்தான். அவளோ அப்போதுதான் ஒரு அம்மாவுக்கு ரத்தம் ஏற்ற ஆரம்பித்திருந்தாள். ரத்தம் ஏறத் தொடங்கினால் கொஞ்ச நேரத்துக்கு நர்ஸ் கட்டிலை விட்டு நகரக் கூடாது.

மிஸ்டர் டூடெக்கின் மணி அடித்தது.

"வாண்டா, கொஞ்சம் பாத்ரூம் போகணும்மா."

"இதோ வர்றாங்க," என்றேன்.

பிரியானாவால் வர முடியவில்லை. கீழ் மாடிக்குப் போன் செய்தேன், அங்கேயும் எல்லோரும் கேன்டீனில். கேன்டீன் போனை யாரும் எடுக்கவில்லை. மணி மறுபடி அடித்தது. ஸ்பீக்கரை அழுத்தினேன். அவர் அறை டிவியிலிருந்து கெயிலின் குரல் கணீரென்று கேட்டது.

"யாரைப் போடலாம்னு கேக்குறீங்க. கூப்பிட்ட குரலுக்கு வர்ற ஆளப் போடுங்க! எங்க வார்டுல மணி அடிச்சா போறதுக்கு ஆள் இல்லைங்க. வயசானவங்க பாத்ரூம் போகக் காத்துக்கிட்டே கெடக்குறாங்க. இது அவமானம் இல்லையா?"

ஒரே கைதட்டல். அதற்கு நடுவே மிஸ்டர் டூடெக்கின் குரல் மெல்ல வந்தது. "வாண்டா, கெயில் இப்ப வந்துடுவாளா?"

"வந்துக்கிட்டே இருக்கா," என்று வாய் கூசாமல் சொன்னேன்.

ஓடிப்போய் அவர் அறை வாசலில் நின்றேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நடைவண்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். கழிப்பறைக் கதவு எட்டிப் பிடிக்கிற தூரம்தான். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"சத்தியம் பண்ணிட்டேன்," என்றார்.

நான் உள்ளே போகவில்லை. சட்டம் சட்டம் என்று சொல்லிக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். டிவியில் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தரையில் ஈரம் பரவியது.

"கதவச் சாத்தும்மா," என்றார்.

சாத்தினேன்.

கேன்டீனுக்குப் போனவர்கள் கல்யாண வீடு மாதிரி சிரித்துக்கொண்டு வந்தார்கள். டேரல் கையில் கேக் தட்டு. "இன்னைக்கு கெயில் கிழி கிழின்னு கிழிச்சுட்டா! வேட்பாளரோட ஆளு இவ பேரக் கேட்டு எழுதிக்கிட்டாரு!"

விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போது கெயில் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கேக்கை யாரும் தொடவில்லை. "ஊருக்குத்தான் உபதேசம்," என்று டேரல் முணுமுணுத்தான். கெயில் வெந்நீரும் துண்டும் எடுத்துக்கொண்டு போனாள். நானும் பின்னால் போய் வாசலோடு நின்றேன்.

"மன்னிச்சுடுங்க, மிஸ்டர் டூடெக்," என்று கெயில் மண்டியிட்டு அவர் காலைத் துடைத்தாள்.

"நீ எதுக்கும்மா? நான்தான் மன்னிப்புக் கேக்கணும். நீ டிவில பேசிக்கிட்டு இருக்கும்போது மணி அடிச்சிருக்கக் கூடாது. நல்லாப் பேசின." அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்த டயபரக் கட்டிவிட்டுடு."

கெயில் அழுதாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்போம்.

சாயங்காலம் அவர் மகள் கிளீவ்லாந்திலிருந்து போன் செய்தாள். நான்தான் எடுத்தேன்.

"அப்பாகிட்ட இப்பத்தான் பேசினேன். டிவில பேசுனது அவரோட நர்ஸாமே! எனக்குப் பயம் வந்துடுச்சு, அப்பாவும் இப்படித்தான் காத்துக் கெடக்குறாரோன்னு. கேட்டா, 'சேச்சே, இங்க மணி அடிச்ச மறு நிமிஷம் ஓடி வர்றாங்க'ங்குறாரு. நெசந்தானே?"

அவர் மறைத்ததைப் போட்டு உடைக்க எனக்கு உரிமை இல்லை. மறுபடி ஒரு பொய் சொல்லவும் மனசு வரவில்லை.

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா," என்றேன்.