மஞ்சள் தண்ணீரில் கழுவிய குதிரைக்காரன்

"உந்தப் பொம்மையைக் கழுவச் சொல்லி ஆர் உமக்கு..."

"சவக்குழிக்குள்ள கிடந்த சாமானெண்டு நீங்கள்தானே..."

"அதுக்கு மஞ்சள் தண்ணியே? ஆயிரத்து முந்நூறு வருசத்துச் சாமானப்பா."

"அப்ப ஆயிரத்து முந்நூறு வருசத்துத் துடக்கு."

பாக்கியராசா மனைவியின் கையிலிருந்த துணியைப் பறித்தார். புலம்பெயர்ந்து வந்த மில்லிக்கன் ஊரில், அவர்கள் வீட்டுக் குசினி மேசையில், பழைய துவாய் ஒன்றின்மேல் அந்த மண்பொம்மை ஈரத்தோடு நின்றது. பெரிய மூக்கு, சுருட்டைத் தாடி, கூம்புத் தொப்பி. இல்லாத கடிவாளத்தைப் பிடித்தபடி இரண்டு கைகள். சீனத்துப் பணக்காரன் யாரையோ புதைத்தபோது, அங்கேயும் குதிரை பார்க்க ஆள் வேண்டுமென்று கூடவே வைத்த வெளிநாட்டுக்காரன். காலையில் அவனுக்குச் சிவந்த உதடும் பச்சைச் சட்டையும் இருந்தன. இப்போது எல்லாம் வாளிக்குள் கலங்கிக் கிடந்தது.

பொம்மை பக்கத்து வீட்டு மிஸ்டர் குவோக்குடையது, தகப்பன் வழி வந்தது. முழங்கால் ஒப்பரேசனுக்குப் போகுமுன் வாசலில் நின்று, தான் திரும்பி வரும்வரை வைத்திருக்கும்படி அதைப் பாக்கியராசாவிடம் தந்து இரண்டு விஷயம் சொன்னார். கல்லறையிலிருந்து எடுத்தது என்பது ஒன்று. நிறம் மேலே சும்மா பூசியதுதான், ஈரத்துணிகூடப் படக்கூடாது என்பது மற்றது. பாக்கியராசா முதலாவதை மட்டும் மனைவி தவமலரிடம் சொன்னார், அதுவும் அவளைக் கொஞ்சம் பயமுறுத்திப் பார்க்கிற ஆசையில். "உந்த மூக்கு உங்கட பெரியப்பான்ர மூக்கெல்லோ" என்று அவள் சிரித்த சிரிப்பில் மற்றது அவருக்கு மறந்தே போனது. செத்தவீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகாமல் ஒரு கோப்பையைத் தொடாதவள், கல்லறைச் சாமானைச் சும்மா விடுவாளா?

"ஈரம் படக்கூடாதெண்டு சொன்னனான்," என்றார். சொல்லும்போதே, தான் அதைச் சொல்லவேயில்லை என்பது நினைவுக்கு வந்தது.

தவமலரின் முகம் மாறிப்போனது. "சொன்னீங்களோ? அம்மாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கினது," என்றாள் மெதுவாக.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மிஸ்டர் குவோக் வோக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தார். பாக்கியராசா வாய் திறக்குமுன், தவமலர் தன் உடைந்த ஆங்கிலத்தில் எல்லாப் பழியையும் தன்மேல் போட்டுக்கொண்டாள். இவர் வடிவாகச் சொன்னவராம். அவளுக்குத்தான் தாய்க்கு வந்த அதே மறதி வருத்தம் தொடங்கிவிட்டதாம். மிஸ்டர் குவோக் பாக்கியராசாவைப் பார்த்தார். பாக்கியராசா நிலத்தைப் பார்த்தார். கிழவர் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மூக்கு உடையவில்லையே, அது போதும் என்றார். தேத்தண்ணி குடிக்கச் சொன்னதற்கு வேண்டாமென்று தலையாட்டி, பொம்மையை வோக்கர் கூடைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

தவமலர் கேத்தலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். அடுப்பின் குமிழைத் திருகப் போன கையை இழுத்துக்கொண்டாள்.

"இஞ்சருங்கோ, இனி நான் தனிய அடுப்பைப் போடலாமோ?"