நில் என்று சொல்லாத மெர்ல்

1950 வசந்தத்தில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு கல்லூரி மைதானத்தில் மெர்ல் துவோரக் "நட" என்று அனுப்பிய மாணவர் அணி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அந்தக் கல்லூரியில் சேர்ந்த பையன்கள் வாரம் ஒரு மத்தியானம் காக்கி மாட்டிக்கொண்டு ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு வந்தே தீர வேண்டும். அன்று ஆணையிடும் முறை மெர்லுக்கு. பாவம், திக்குவாய். "அணி..." என்றான், "நில்" தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது. அணி வாசலைத் தாண்டி, தீவன ஆலையைச் சுற்றி, சோளக்காட்டுக்குள் போய்விட்டது. சார்ஜெண்ட் பின்னால் ஓடிக் கத்திப் பார்த்தார். நட என்ற வாய்தான் நில் என்றும் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

வியாழன்தோறும் ஊர் வழியாக வந்து போனார்கள். பசிக்கவில்லை, தாடி வளரவில்லை. கல்லூரி அவர்களுக்குக் கவாத்தில் மட்டும் முழு மதிப்பெண் போட்டது. அந்தக் கோடையில் கொரியாவில் சண்டை மூண்டது. குளிர்காலம் முடிவதற்குள் மெர்லின் திக்குவாய் தானாகவே சரியாகிவிட்டது. பசுமாட்டிடம் நில் என்று சொல்லிப் பார்த்தான், நின்றது. ஆனால் முந்தைய வருடம் பட்டத்தோடு லெப்டினன்ட் ஆகிக் கொரியா போனவர்கள், கொடி போர்த்திய பெட்டிகளில் ரயிலை விட்டு இறங்கத் தொடங்கியிருந்தார்கள். மெர்ல் வாயை மூடிக்கொண்டான். கேட்டவர்களிடம் திக்கிக் காட்டினான். முன்வரிசையில் நடக்கும் எமிலின் அம்மா லுத்மிலா குச்செராவிடம் மட்டும் அது பலிக்கவில்லை.

"மாட்டை நிறுத்தத் தெரியுது, எம் பையனை நிறுத்தத் தெரியலையாடா உனக்கு?"

"நின்னா அனுப்பிருவாங்கம்மா."

"எங்கடா?"

அவன் ரயில் நிலையத்தின் பக்கம் பார்த்தான். அதன்பின் ஒரு வருடம் அவள் அவனோடு பேசவில்லை.

நடக்காமல் நின்றுவிட்ட மெர்லுக்குத்தான் பட்டம் வந்தது, லெப்டினன்ட் பதவி வந்தது, கொரியாவுக்கு உத்தரவும் வந்தது. அவன் ரயிலேறிய நாள் வியாழன். தண்டவாளத்தை ஒட்டி அணி வந்துகொண்டிருந்தது. வழியனுப்ப வந்த லுத்மிலாவிடம் கேட்டான்:

"நான் திரும்பி வரலைன்னா அப்புறம் யாராலயும் அவங்களை நிறுத்த முடியாதும்மா. இப்பவே சொல்லிடட்டுமா?"

அவள் எமிலைப் பார்த்தாள். நல்ல வெயிலில் கன்னம் சிவந்திருந்தது. மெர்ல் மூச்சை இழுத்து "அணி..." என்று தொடங்கினான். அவள் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"வேணாம்டா. நடக்கட்டும்." பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உன்னையும் யாராவது நடக்கச் சொல்லியிருக்கக் கூடாதாடா?"

அந்தக் குளிர்காலத்திலேயே, பெயரில்லாத ஒரு குன்றின் மேல் மெர்ல் செத்துப்போனான். இப்போது விவசாயிகள் சோளம் விதைக்கும்போது அணி போக இடம் விட்டு விதைக்கிறார்கள். லுத்மிலாவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, முழங்காலும் சரியில்லை, எமிலுக்குப் பத்தொன்பதுதான். வியாழக்கிழமைகளில் அவள் ஊர்க்கோடிப் பாலம் வரை கூடவே போகிறாள், போன வாரத்து ஊர்க்கதையெல்லாம் சொல்கிறாள். கவாத்தில் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதனால் அவனுக்குத் தன் முகம் தெரிகிற மாதிரி, கொஞ்சம் முன்னால் பின்பக்கமாகவே நடக்கிறாள்.