யாருடைய ரஸ்தாளி

மலேசியாவின் கிள்ளானில் மின்சாரக் கம்பிகளுக்கு அடியில் கிடந்த காலி நிலத்தில் நல்லம்மாள் ஒன்பது வருஷமாக ஒரே வேலையைத்தான் செய்தாள். எந்த ரஸ்தாளி அதிகச் சீப்பு தள்ளியது, எந்தப் பழம் காம்பை விட்டு உதிராமல் நின்றது, எது நடுவில் கல் மாதிரிக் கட்டி விழாமல் இனித்தது என்று ஒவ்வொரு தாராகப் பார்ப்பாள். தேறிய மரத்துக்கு மட்டும் சிவப்பு நாடா கட்டுவாள். அதன் கன்றைத்தான் மறுபடி நடுவாள். மற்றதையெல்லாம் தயவு பார்க்காமல் பாராங் கத்தியால் சீவிவிடுவாள். ஆறு சீப்புத் தார் ஒன்பது சீப்பானது அப்படித்தான்.

செத்துப்போன புருஷனின் தம்பி கமலநாதன், அந்தத் தாரில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு கண்காட்சியில் தொங்கவிட்டான். 'கமல் ரஸ்தாளி' என்று பலகையும் வைத்தான். பிரிக்பீல்ட்ஸ் பழ வியாபாரி திருச்செல்வம் அசந்துபோய் நின்றார்.

"இவங்க யாரு பாஸ்?" என்று பக்கத்தில் நின்ற நல்லம்மாளைக் காட்டிக் கேட்டார்.

"எங்க அண்ணி. தோட்டத்துக்கு தண்ணி ஊத்துவாங்க லா."

நல்லம்மாளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: இதே ஆள், இதே வியாபாரி முன்னால், இந்த ரகம் யாருடையது என்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

காப்பாரில் நிலம் பிடித்திருப்பதாகவும், எண்பது கன்று வேண்டும் என்றும் கமலநாதன் வந்து நின்றபோது அவள் மனசுக்குள் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள்.

"மூணு மாசம் கழிச்சு வா தம்பி. நீயே பாத்து எடுத்துக்க."

வாழைக்கடியில் இரண்டு விதக் கன்று வரும். ஈட்டி மாதிரி ஒல்லி இலையோடு கிளம்புவது தாய்க் கிழங்கை இறுகப் பிடித்து வளர்ந்தது. தார் தள்ளுவது அதுதான். அகல இலை விரித்து, பிஞ்சிலேயே பெரிய மனுஷி போல் நிற்பது நீர்க்கன்று. பார்க்க லட்சணம், கிழங்கில் சத்து கிடையாது. வழக்கமாக முளைத்ததுமே சீவிவிடும் அந்த நீர்க்கன்றுகளை அந்த மூன்று மாதமும் அவள் தொடவில்லை. எரு போட்டு வளர்த்தாள். பாவம் என்று தோன்றியதா? இல்லை கண்ணுகளா, பொய் சொல்லக் கூடாது.

கமலநாதன் லோரியோடு வந்தான். நேராக அகல இலைகளிடம்தான் போனான்.

"இந்த நோஞ்சானையெல்லாம் நீங்களே வச்சுக்கங்க அண்ணி," என்று ஈட்டிக் கன்றுகளைக் காலால் ஒதுக்கினான்.

"உன் இஷ்டம்பா," என்று அவள் மண்ணைத் தட்டித் தட்டி ஏற்றிவிட்டாள்.

பதினான்கு மாதம் கழித்துத் திருச்செல்வம் காப்பாருக்கு வேன் எடுத்து வந்தார். சேதி தெரிந்து நல்லம்மாளும் போய் நின்றாள். மரத்துக்கு மூன்று சீப்பு, மிஞ்சினால் நான்கு.

"என்ன பாஸ், இது வாழைப்பழமா, சுண்டு விரலா?"

கமலநாதன் முகம் கறுத்தது. "அண்ணி ஏமாத்திட்டாங்க! இவங்க குடுத்த கன்னு!"

"நான் எங்கப்பா குடுத்தேன்? நீதானே பொறுக்கி எடுத்த. ரகம் உருவாக்கினவருக்கு நல்ல கன்னு எதுன்னு தெரியாதா?"

"எனக்கு எப்படி தெரியும்? எல்லாம் நீங்க பண்ணினதுதானே!"

"எது நான் பண்ணினது? சத்தமா சொல்லு. ரோட்டுல லோரி போகுது, அவருக்குக் காது கேக்கல."

கமலநாதன் தரையைப் பார்த்தான். "அந்த ரகம்... அண்ணியோடது."

"இன்னொரு தடவை."

"அண்ணியோடது!"

திருச்செல்வம் வேன் கதவை அவளுக்காகத் திறந்தார். "ஏறுங்க அக்கா, உங்க தோட்டத்தைப் பாக்கணும்."

கமலநாதன் ஓடி வந்து கதவைப் பிடித்தான். "அண்ணி, சொல்லிட்டேன்ல. அந்த ஒல்லிக் கன்னுல ஒரு பத்தாவது குடுங்க. இந்த நிலத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

"எனக்கு வேண்டியதைக் காலையிலயே நட்டுட்டேன் தம்பி. மிச்சத்தை வெட்டிப் போட்டுட்டுத்தான் வந்தேன்."

உண்மைதான். நாடா கட்டிய மரத்தடியில் நல்ல கன்று பத்துப் பதினைந்து துண்டு துண்டாகக் கிடந்தது. நல்ல கன்றின் மேல் அவள் கத்தி பட்டது அன்றைக்கு மட்டும்தான்.