சிவப்பு ஈஸ்ட்

கல்யாணமாகி நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது, அம்சவல்லி புடவைகளுக்கு நடுவே சில சோதனைக் குழாய்களைப் பொதிந்து எடுத்துவந்தாள். மதராஸில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது புறஊதா விளக்கின் கீழ் வைத்து அவள் பிரித்தெடுத்த ஈஸ்ட் அது. மற்ற ஈஸ்ட் வெள்ளையாக வளரும். இது சிவப்பாக வளர்ந்தது. அடினைன் என்ற சத்தைத் தானே செய்துகொள்ள அதற்குத் தெரியாது. வெளியிலிருந்து ஊட்டினால்தான் பிழைக்கும்.

அவ்வப்போது கடல்பாசியைக் கூழாகக் காய்ச்சிப் புதுக் குழாய்களில் ஊற்றி, ஈஸ்ட்டை அதற்கு மாற்றுவாள்.

"இன்னும் என்னாத்துக்கு இத வச்சிக்கினு கெடக்கற?" என்றான் கணவன் குழந்தைவேல். சுரங்கத்தில் ஷிப்டு வேலை அவனுக்கு.

"செத்துப்போனா இன்னொண்ணு கெடைக்காதுங்க."

அறுபத்து மூன்றாம் ஆண்டுக் கோடையில், அவளோடு படித்த பன்னீர்செல்வம் வந்தான். மதராஸ் கல்லூரி ஆய்வகத்தின் குளிர்பெட்டி பழுதாகி, அங்கிருந்த சிவப்பு ஈஸ்ட் முழுவதும் செத்துவிட்டதாம். அதை நம்பி அவன் எழுதிய கட்டுரை பாதியில் நின்றது.

அம்சவல்லி தன் குழாய்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் வெளுத்திருந்தன.

"பரவால்ல, குடுங்க. அங்க போய்ப் பாத்துக்கறேன்" என்றான் பன்னீர்செல்வம்.

"எதுல பழைய குறை இருக்குன்னு தெரியாம குடுக்க மாட்டேன். கண்ணாடித் தட்டும் அடினைனும் மத்த மருந்தும் கொண்டாங்க."

அவன் மதராஸ் போய்க் கொண்டுவந்தான். குறிஞ்சிப்பாடியில் வாங்கிய வெல்வெட் துணியை அவள் கிருமி போக இட்லிப் பானையில் அவித்தாள். குழாய்களிலிருந்து எடுத்துப் பரப்பிய ஈஸ்ட் புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்த தட்டின்மேல் துணியை ஒற்றி, அதே துணியை இரண்டு புதுத் தட்டுகளில் பதித்தாள். ஒன்றில் அடினைன் உண்டு, மற்றதில் இல்லை.

அடினைன் இல்லாத தட்டிலும் ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளும் முளைத்தன. அவை அடினைனைத் தானே செய்துகொள்ளும் பழைய குணத்துக்கே திரும்பிவிட்டவை. ஓரிடம் மட்டும் வெறுமையாக இருந்தது. மற்ற தட்டில் அதே இடத்தில் சின்ன வெள்ளைப் புள்ளி.

"இதுவும் வெள்ளதானே?" என்றான் பன்னீர்செல்வம்.

"மூச்சு விடற சக்தி போயிருக்கு, அதான் நெறம் வரல. அடினைன் குறை அப்படியே இருக்கு. நல்ல ஈஸ்ட்டோட சேத்தா குஞ்சுல செவப்பு திரும்பும். ஆனா அத மதராஸ் வந்து நான்தான் செய்வேன்."

ஷிப்டு முடிந்து வந்த குழந்தைவேல் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "போயிட்டு வா. நான் கேன்டீன்ல சாப்ட்டுக்கறேன்" என்றான்.

மதராஸில் அந்த வெள்ளைப் புள்ளியையும் நல்ல ஈஸ்ட்டையும் கலந்தாள். அவை ஈன்ற பையிலிருந்த நான்கு வித்துகளை நுண்ணோக்கியின் கீழ் கண்ணாடி ஊசியால் பிரித்து நட்டாள். இரண்டு வெள்ளையாக வளர்ந்தன, இரண்டு சிவந்தன.

கட்டுரையில் அவள் பெயர் முதலில் வந்தது. மறு ஆண்டு அவள் மதராஸில் அதே ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஓய்வு நாட்களில் குழந்தைவேல் மதராஸுக்கு பஸ் ஏறினான்.