ஊர் சுற்றிக் காட்டிய ஞாயிறு

தாண்டவராயனின் மண்டைக்குள் மூன்று நாளாகச் சம்மட்டி விழுந்துகொண்டிருந்தது. காலையில் எழுந்ததும் கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தான். சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டிருந்தான். பக்கத்துக் கட்டிலில் கிடந்த யாக்கோபுக்கு அப்படியும் கேட்டுவிட்டது.

"இன்னாடா, ரெண்டாவது தபாவா?"

"கம்னு கெட. ராத்திரி துன்ன கோழி ஒத்துக்கல."

"நீ எங்கடா துன்ன? தட்டத் தள்ளிட்டு எழுந்து வந்தே."

இருவரும் பொலிவியா தேசத்தில், லா பாஸ் என்ற ஊரில், ஒரு ஓட்டலில் இருந்தார்கள். ஒரகடத்துப் பம்ப் கம்பெனியில் ஃபிட்டர்கள். கம்பெனி இங்கே ஒரு சுரங்கத்துக்கு இரண்டு பெரிய பம்புகளை விற்றிருந்தது. அவற்றைப் பூட்டி ஓட்டிக் காட்டுவதற்காக வந்தவர்கள். பம்புப் பெட்டிகள் இன்னும் மலையேறி வந்துசேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று சுரங்கத்துக்காரர்கள் ஒரு வேனையும் கைடையும் அனுப்பி ஊர் சுற்றிக் காட்டச் சொல்லியிருந்தார்கள்.

ஊரே பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் இருந்தது. வந்திறங்கிய அன்றே சுரங்கத்து என்ஜினியர் எச்சரித்திருந்தார். தலைவலி எல்லோருக்கும் வரும். வாந்தி வந்தாலோ, நடை தள்ளாடினாலோ உடனே சொல்லிவிட வேண்டும். அந்த ஆளைக் கீழே அனுப்பிவிடுவோம், இல்லையென்றால் செத்துப்போவான்.

கீழே அனுப்புவது என்றால் ஊருக்கே அனுப்புவது. தாண்டவராயனுக்குச் சாவைவிட அதுதான் பயமாக இருந்தது. யாக்கோபு பர்மனென்ட் ஆள். இவன் ஏழு வருஷமாக டெம்பரவரி. வருஷம் முடியுமுன் பத்துநாள் வெளியே நிறுத்திவிட்டு, மறுபடி புது ஆள் போலச் சேர்த்துக்கொள்வார்கள். கிளம்பும்போது மேனேஜர் நரசிம்மன் வாக்குக் கொடுத்திருந்தார்: "பம்பை ஓட்டிக் காட்டிட்டு வா. அடுத்த மாசமே பர்மனென்ட்." மணிமங்கலத்தில் இவன் பெண்டாட்டி காந்திமதி அதைத் தெரு முழுக்கச் சொல்லியும்விட்டாள்.

"வாயத் தொறந்தே, நம்ம சினேகிதம் அத்தோட கட்" என்றான் தாண்டவராயன்.

"நான் இன்னா சூப்பர்வைசரா, போட்டுக் குடுக்க?"

யாக்கோபு மனசாரத்தான் சொன்னான். கம்பெனியில் உலைச் சூட்டில் ஒருவன் மயங்கி விழுந்தால், சூப்பர்வைசர் கண்ணில் படுமுன் இழுத்துப்போய் மணல் குவியலுக்குப் பின்னால் கிடத்துவார்கள். முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டு, அவன் வேலையையும் பக்கத்திலிருப்பவன் சேர்த்துப் பார்ப்பான். விழுந்தவன் அரை மணியில் எழுந்து வந்துவிடுவான். காட்டிக்கொடுத்தால் டெம்பரவரிக்காரன் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே. இன்றைக்கும் அப்படியே ஓட்டிவிடலாம் என்று யாக்கோபு நினைத்தான். மணல் குவியலுக்குப் பதில் வேன்.

கைடு ரொசாரியோ என்ற பெண். அவளுக்கும் இங்கிலீஷ் அரைகுறை, இவர்களுக்கும் அரைகுறை. அதனால் நன்றாகவே புரிந்தது. முதலில் ஒரு பழைய கல் சர்ச். தாண்டவராயன் கடைசி சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். யாக்கோபு மட்டும் இறங்கி இரண்டு பேருக்கும் சேர்த்துத் தலையாட்டினான். அவள் தூணில் செதுக்கிய பழங்களைக் காட்டினாள். அவன் வேனைப் பார்த்தான்.

"உங்கள் நண்பர் வரவில்லையா?"

"தூக்கம்" என்றவன், அவள் வேன் பக்கம் திரும்புமுன் தன் ஊர்ப் பேரைச் சொன்னான். ஸ்ரீபெரும்புதூர். அவள் நின்றுவிட்டாள். "மே மாதம் குண்டு வெடித்ததே, அந்த ஊரா?" அந்த வருஷம் பேப்பர் பார்க்கிறவர்களுக்கெல்லாம் அந்தப் பேர் தெரிந்திருந்தது. பதினைந்து நிமிஷம் அதையே பேசி அவளை நிறுத்திவைத்தான்.

அடுத்தது செங்குத்தான ஒரு கடைத்தெரு. லாமா என்ற ஒட்டகச் சாதி விலங்கின் பிறக்காத குட்டிகளைக் காயவைத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தார்கள். வீடு கட்டும்போது கடைக்காலில் புதைப்பார்களாம்.

"நம்மூர்ல பூசணிக்கா கட்றோம், இவங்க இத்த" என்று யாக்கோபு திரும்பினான். வேன் கதவு திறந்திருந்தது. அவள் மறுபடி கேட்டுவிடப்போகிறாளே என்று தாண்டவராயன் தானாக இறங்கி வந்துகொண்டிருந்தான். நேராக வரவில்லை. இடது பக்கமாகவே போய், உருளைக்கிழங்கு விற்ற கிழவியின் கூடைமேல் சரிந்தான். கிழங்குகள் சரிவில் உருண்டு ஓடின. தொப்பி போட்ட கிழவி கத்தினாள்.

ரொசாரியோ கட்டை விரலை வாய்க்கு நேராகக் கவிழ்த்துக் காட்டினாள். "டிரிங்க்?"

"யெஸ், யெஸ். டிரிங்க். லாஸ்ட் நைட்."

அவள் சிரித்துவிட்டாள். யாக்கோபு அவனை அக்குளில் தாங்கி வேனுக்கு இழுத்துவந்தான்.

"அடப்பாவி. பீர் வாசனகூடத் தெரியாதவன்டா நானு. என் மானத்த வாங்கறியே."

"மானம் போனாப் போவுது. வேல தங்குதுல்ல, குந்து."

குடித்தவனுக்குக் குளிர்ந்த காற்று நல்லது என்றாள் ரொசாரியோ. கடைசியாகப் பார்க்கவேண்டியது பனிமலை. ரோடு இன்னும் ஐயாயிரம் அடி மேலே ஏறுகிறது. யாக்கோபு கையைக் குறுக்கே ஆட்டினான்.

"நோ மவுண்டன். ஓட்டல் போகலாம்."

"ஏன்?"

ஏன் என்பதற்கு ஒரே பதில்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் கூடாது. வேன் கிளம்பிவிட்டது.

வீடுகள் தீர்ந்தன. செடிகொடி தீர்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் யாக்கோபு திரும்பிப் பார்த்தான். மணல் குவியலுக்குப் பின்னால் கிடப்பவன் முகத்தில் அரை மணியில் ரத்தம் ஏறும். இவன் முகத்தில் இறங்கிக்கொண்டே இருந்தது. உதடு நாவற்பழம் தின்றவன் போல ஆகிவிட்டது. முன் சீட்டிலிருந்து எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பஸ்ஸு படப்ப ஸ்டாப்பிங்கு தாண்டிச்சா?" என்று கேட்டான் தாண்டவராயன்.

"இன்னாடா ஒளர்ற?"

"செகண்ட் ஷிப்டு லேட்டாவுது. நரசிம்மன் கேட்டாண்ட நிப்பான்."

யாக்கோபு அவன் கன்னத்தைப் பிடித்துத் திருப்பினான். "தே, என்னப் பாரு. நான் யாரு? என் பேரச் சொல்லு."

தாண்டவராயன் வெகுநேரம் பார்த்தான். கணக்குத் தெரியாமல் பெஞ்சுமேல் நிற்கும் பையனின் முழி. "தெர்லயே" என்றான்.

"ஸ்டாப்! வண்டிய நிறுத்து! நோ டிரிங்க், மேடம். சிக். நேத்து வாமிட், இன்னிக்கி வாமிட். நான் பொய் சொன்னேன்."

ரொசாரியோ சீட்டைத் தாண்டி வந்து தாண்டவராயனின் நகங்களைப் பார்த்தாள். டிரைவரிடம் ஏதோ கத்தினாள். திரும்ப இடமில்லாத ரோட்டில், பள்ளத்தின் விளிம்பில் பின்சக்கரம் நிற்க, வேன் திரும்பியது. அடிவாரம் வரைக்கும் அவள் யாக்கோபைத் தன் பாஷையில் திட்டிக்கொண்டே வந்தாள். அவன் தலை நிமிரவில்லை.

ஊரின் தாழ்ந்த கோடியில் ஒரு கிளினிக். ஆக்ஸிஜன் வைத்தார்கள். சாயங்காலம் தாண்டவராயனுக்குத் தன் பேர் தெரிந்தது, ஊர் தெரிந்தது. என்ஜினியர் வந்தார். இன்று இரவே விமானத்தில் சமவெளிக்கு, அங்கிருந்து இந்தியாவுக்கு என்றார். இரண்டு நாள் கொடுத்தால் தேறிவிடுவான் சார் என்று யாக்கோபு கெஞ்சிப் பார்த்தான். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

தாண்டவராயன் மாஸ்க்கை விலக்கினான். "யாரு சொன்னது?"

"நான்தான்."

"இன்னும் ஒரு மணி நேரம் கம்னு இருந்திருந்தா, மலையப் பாத்துட்டு எறங்கியிருப்போம்ல."

"உன்னப் பொணமாத்தான் எறக்கியிருப்பேன். என் பேரே தெர்லடா உனக்கு."

தாண்டவராயன் மாஸ்க்கை மறுபடி போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

யாக்கோபு தனியாகச் சுரங்கத்துக்குப் போய்ப் பம்புகளைப் பூட்டி ஓட்டிக் காட்டிவிட்டு, ஒன்றரை மாதம் கழித்து ஒரகடம் திரும்பினான். முதல் நாளே நரசிம்மன் ரூமுக்குப் போய் நின்றான்.

"ஓட்டிக் காட்டினது நீ. பாதியில திரும்பின ஆளை எப்படிய்யா பர்மனென்ட் பண்றது?" என்றார் அவர்.

"சாவக் கெடந்தான் சார்."

"அதைத்தான்யா நானும் சொல்றேன். உடம்பு தாங்காத ஆளு."

மறுவாரமும் போய்க் கேட்டான். பதில் மாறவில்லை.

தாண்டவராயனைப் பத்துநாள் வெளியே நிறுத்தியிருந்தார்கள். ஷிப்ட் விட்டு வந்த யாக்கோபு, கூட்ரோட்டு டீக்கடையில் அவனைப் பார்த்தான். தாண்டவராயன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான்.

"உசுரோட வந்ததே போதும்னு காந்திமதி சொல்றா. நானும் ஆமான்னுதான் சொல்றேன். நீ செஞ்சது தப்பில்ல."

"அப்புறம் ஏன்டா ரோட்டுல பாத்தா மூஞ்சத் திருப்பிக்கினு போற?"

"ஏழு வருசம்டா. இப்ப மறுபடி மொதல்லேந்து."

"நான் இன்னா பண்ணணும், சொல்லு."

"உன்னால ஒண்ணும் பண்ண முடியாது. எனக்கும் தெரியும்." தாண்டவராயன் கிளாஸைக் கீழே வைத்தான். "அதுக்காகக் கடன் இல்லன்னு ஆயிடாது. நீ எனக்கு ஒரு பர்மனென்ட்டு வேல பாக்கி."