மேற்சட்டை அழைத்த விருந்தாளிகள்

ஷுமாவா மலைக்காட்டில், பட்டையைத் துளைத்து மரத்தையே கொல்லும் வண்டுகளுக்குத் தப்பி விலேமுக்கு மிஞ்சியிருந்தவை முப்பது ஸ்ப்ரூஸ் மரங்களே. பட்டைவண்டுப் பொறிகளை அவன் அம்மரங்களிலிருந்து நன்கு தள்ளியே நாட்டுவான். பொறிக்குள் தொங்கும் பொட்டலத்தின் மணம், வண்டு தன் இனத்தைக் கூவியழைக்கும் மணமல்லவா! அன்று காலை வெயில் ஏறவே, புதுப்பொட்டலம் இருந்த மேற்சட்டையைக் கழற்றி ஒரு மரக்கிளையில் மாட்டிவிட்டு, வேலையில் ஆழ்ந்தான்.

பிற்பகலில் சட்டையை எடுக்கப்போன அவன் மனைவி பிளாஷெனா, அந்த மரப்பட்டையில் வண்டுகள் போட்ட துளைகளிலிருந்து பழுப்புத்தூள் உதிர்வதைக் கண்டாள்.

“ஏங்க, நம்ம கல்யாணத்துக்குக்கூட நீங்க இத்தனை பேரக் கூப்பிடலையே!”

விலேம் ஓடிவந்தான். “சட்டைய எடுத்துட்டா போயிடாதா?”

“உள்ள பூந்தவன் சும்மாவா இருப்பான்? இனிமே அவனே ஊரக் கூட்டுவான். மிச்சம் இருபத்தொன்பதும் வேணுமா, வேண்டாமா?”

தோப்பிலேயே நேராக வளர்ந்த மரம் அது. விலேம் அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, ரம்பத்தை எடுத்துவரச் சென்றான். மரம் சாய்ந்தது. இருவரும் அந்தி சாயும்வரை பட்டையை உரித்து எரித்தார்கள். மறுநாள் காலை அவன் ஒவ்வொரு மரமாகத் தடவிப் பார்த்தான். எதிலும் தூள் இல்லை.